ஒரு பையில் முப்பத்தெட்டு குடும்ப அட்டைகள்

போன மாதம் பென்ஷன் விஷயமாகக் கருவூலத்துக்கு வந்தவள் அப்படியே நம் ஆபீசையும் எட்டிப் பார்த்தேன். புதிதாகச் சேர்ந்த ஆறேழு பேர் என்னை உட்கார வைத்துக் காபி கொடுத்தீர்கள். சர்க்கரை கொஞ்சம் தூக்கல். பிரியமாகக் கொடுத்ததால் குடித்துவிட்டேன். அப்போது உங்களில் ஒரு பெண் பக்கத்து நாற்காலிக்காரரிடம் கேட்டாள், "வீட்டு விசாரணைக்குப் போனேன், நாலு வூடு பூட்டிக் கிடந்துச்சு. என்ன எழுதறது?" அவர் தலையைக்கூடத் தூக்காமல், "ஆள் இல்லைன்னு போட்டுட்டு வா" என்றார்.

எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. என் கோபம் ஊரறிந்தது. காபி குடித்த இடத்தில் சண்டை வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து இத்தனை நாள் ஆகியும் அது மனசைவிட்டுப் போகவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். இது உங்களைக் குறை சொல்ல எழுதுவதல்ல. உங்கள் வயதில் நான் செய்த வேலை அதைவிட மோசம். கேளுங்கள்.

எண்பதுகளின் தொடக்கம். அரியலூரில் வேலை, எந்த ஆபீஸ் என்று சொல்லப்போவதில்லை. அப்போது பெரம்பலூர், அரியலூர் எல்லாமே திருச்சி மாவட்டம். என் சொந்த ஊர் பெரம்பலூர். அப்பா இறந்த பிறகு வீட்டில் சம்பளம் என்று வந்தது என்னுடையது ஒன்றுதான். அரியலூரில் ஒரு அறை எடுத்துத் தங்கி, சனிக்கிழமை பஸ் ஏறி அம்மாவைப் பார்க்கப் போவேன். வேலையில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, தகுதிகாண் பருவம் முடியவில்லை. ஆனால் நடையைப் பார்த்தால் கலெக்டரே நான்தான் என்று நினைப்பீர்கள். கஞ்சி போட்ட காட்டன் புடவை, கையில் ரெஜிஸ்டர், பின்னால் ஒரு பியூன்.

போலி ரேஷன் கார்டுகளைக் கண்டுபிடிக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. வீடு வீடாகப் போக வேண்டும். கார்டில் பெயர் உள்ளவர்கள் இருக்கிறார்களா என்று பார்த்து ரெஜிஸ்டரில் டிக் போட வேண்டும். வெள்ளிக்கிழமை பட்டியல் திருச்சிக்குப் போயாக வேண்டும். கூட்டம் போட்டுச் சொல்லும்போது எங்கள் ஆபீசர் ஒன்றைச் சொன்னார்: "ஒரே ஆள் கையில கத்தையா கார்டு இருந்தா விடாதீங்க. ஏழைங்க கார்டை வாங்கி வெச்சுக்கிட்டு அரிசியை வெளியில தள்ளுற கும்பல் இருக்கு." அதை நான் நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டு வைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை கோயிலை ஒட்டிய தெருவில் ஆரம்பித்தேன். நல்ல தெரு. கதவைத் தட்டினால் திறக்க ஆள் இருந்தது. ஒரு பெரிய வீட்டில் மூன்று கார்டு. வீட்டுக்கார அம்மா என்னை ஊஞ்சலில் உட்கார வைத்து, பெருங்காயம் போட்ட மோர் கொடுத்தார். "ரெண்டு பசங்களும் திருச்சியில இருக்காங்க. பொங்கலுக்கு வருவாங்க. அவங்க கார்டும் இங்கதான் இருக்கு" என்றார். எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. மூன்றுக்கும் டிக் போட்டேன். மோர் நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு வேறு வந்தேன்.

பதினோரு மணி வாக்கில் ரயில் பாதையைத் தாண்டி ஓடைக்கரைக்குப் போனோம். புறம்போக்கு நிலம். நாற்பது குடிசை இருக்கும். செட்டிகுளம் பக்கமிருந்தும் சிறுவாச்சூர் பக்கமிருந்தும் பிழைக்க வந்தவர்கள். ஊரில் காட்டு வேலை செய்துகொண்டிருந்தவர்கள், இங்கே சுண்ணாம்புக்கல் குழியில் கல் உடைத்து ஏற்றுகிற வேலை பார்த்தார்கள். அரியலூர் டவுனில் எழும்பிய மாடிகளுக்கெல்லாம் போன சிமெண்டுக்கு முதல் கல் தூக்கியவர்கள் அவர்கள்தான். இருந்தாலும் டவுன் வரைபடத்தில் அந்த இடத்தில் ஓடை மட்டும்தான் இருந்தது.

தட்ட அங்கே கதவு கிடையாது. வாசலில் படல் சாத்தியிருந்தது. நான் ஒவ்வொரு படலுக்கு முன்னாலும் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். பதில் இல்லை. பத்துப் பதினைந்து சின்னப் பிள்ளைகள் எங்கள் பின்னாலேயே ஊர்வலமாக வந்தார்கள். ஓடையை ஒட்டிய வேப்பமரத்தடியில் ஒரு பெண் பெரிய பானையில் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். பெயர் அஞ்சலை. கார்டு சோதனை என்றதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "அதுக்காம்மா அலையுறீங்க, இருங்க" என்று உள்ளே ஓடினாள். ஒரு மஞ்சள் பையை எடுத்துவந்து என் கையில் கொடுத்தாள். திறந்து பார்த்தேன். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, வாழைநாரால் கட்டிய கார்டுகள். முப்பத்தெட்டு.

"எல்லாரோடதும் எங்கிட்டதாம்மா இருக்கு" என்றாள். பெருமையாகச் சொன்னாள். எல்லாம் ஒழுங்காக இருப்பதைப் பார்த்து நான் சந்தோஷப்படுவேன் என்று நினைத்திருக்கிறாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அடிக்கோடு போட்ட அதே கும்பல் கையில் சிக்கிவிட்டது என்று நினைத்தேன்.

"மத்தவங்க கார்டெல்லாம் உன்கிட்ட எதுக்கு?"

"இன்னிக்கு என் முறைம்மா."

"என்ன முறை?"

அவள் சொல்லத்தான் செய்தாள். விடியலில் லாரி வந்து எல்லோரையும் குழிக்கு ஏற்றிக்கொண்டு போய்விடும், இருட்டுகிற நேரம்தான் திரும்பும். ரேஷன் கடையில் அரிசி என்றைக்கு வரும், எத்தனை மணிக்குத் தீரும் என்று யாருக்கும் தெரியாது. ஆளாளுக்கு வேலையை விட்டுவிட்டுக் கடை வாசலில் காத்திருக்க முடியாது. அதனால் தினம் ஒரு பெண் மட்டும் முறை வைத்து ஓடைக்கரையில் நிற்பாள். அத்தனை பிள்ளைகளுக்கும் கஞ்சி ஊற்றுவாள். அத்தனை வீட்டுக் கார்டும் அன்றைக்கு அவள் கையில். அரிசி வண்டி வந்தால் ஓடிப்போய் வரிசையில் நின்று எல்லோருக்கும் போட்டு வைப்பாள், இறங்கி வருகிறவர்கள் வந்து தூக்கிக்கொள்வார்கள். "ஒரு ஆளு நின்னா மேஸ்திரி பொறுத்துக்குவாரும்மா. நாலு பேரு நின்னா வேற ஆளை ஏத்திக்குவாரு" என்றாள்.

இவ்வளவும் அன்றைக்கே என் காதில் விழுந்தது. நான்தான் கேட்கவில்லை. பொய் சொல்கிறவர்கள் நீளமாகத்தான் சொல்வார்கள் என்று யாரோ எனக்குச் சொல்லியிருந்தார்கள். "கதையெல்லாம் ஆபீஸ்ல வந்து சொல்லு" என்று பையைப் பியூனிடம் கொடுத்தேன். ஒரு தாளில் விவரம் எழுதி அவளிடம் கைநாட்டு வாங்கினேன். அவள் பையையே பார்த்துக்கொண்டு, "சாயங்காலம் குடுத்துடுவீங்களாம்மா?" என்று கேட்டாள். நான் ரெஜிஸ்டரை மூடிக்கொண்டு நடந்தேன்.

ஆபீசர் பாராட்டினார். வெள்ளிக்கிழமைக்குள் கார்டுக்காரர்கள் நேரில் வந்து நிரூபிக்காவிட்டால் முப்பத்தெட்டும் ரத்து, அந்தப் பெண் மேல் போலீசில் புகார் என்று முடிவானது. "நெசமான ஆளுங்களா இருந்தா நாளைக்குக் காலையில ஆபீஸ் வாசல்ல நிப்பாங்க" என்றார். எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது.

செவ்வாய்க்கிழமை காலை வாசலில் ஒரே ஒரு ஆள்தான் நின்றாள். அஞ்சலை. இடுப்பில் ஒரு பெண் குழந்தை.

"எங்கே மத்தவங்க?"

"அவங்க எப்படிம்மா வருவாங்க? லாரி அஞ்சரைக்குப் போயிடுச்சே. நீதானே குடுத்த, நீயே போய் வாங்கியான்னு அனுப்பிட்டாங்க."

"கார்டுக்காரங்க நேர்ல வரணும். பத்திலேர்ந்து அஞ்சுக்குள்ள. கார்டு முக்கியமா, ஒரு நாள் கூலி முக்கியமா?"

அவள் கோபப்படவில்லை. எனக்குப் புரியவில்லையே என்ற வருத்தம்தான் முகத்தில் தெரிந்தது. "ரெண்டுல எது போனாலும் அடுப்பு எரியாதேம்மா" என்றாள்.

புதன்கிழமையும் வந்தாள். தூணோரமாக உட்கார்ந்தாள். குழந்தை தவழ்ந்து வந்து என் நாற்காலிக் காலைப் பிடித்து நின்றது, சிரித்தது. நான் கோப்பைப் பார்ப்பதுபோல இருந்தேன். தண்ணீர் குடிக்க எழுந்தபோது அவள் சொன்னாள், "எனக்கு வேலை போயிடுச்சும்மா. மூணு நாளு நின்னுட்டேன்ல, மேஸ்திரி வேற ஆளை ஏத்திட்டாரு. அது போவுது. பாக்கியம் அக்கா இருக்காங்க, பக்கத்து வூடு. நேத்து ராத்திரி எல்லார் முன்னாடியும் கேட்டுட்டாங்க, கார்டை வித்தியா, அடகு வெச்சியான்னு. அவங்களுக்கு ஆறு புள்ளைங்க, அவங்களச் சொல்லிக் குத்தமில்ல. ஆனா யாரும் இல்லைன்னு சொல்லலம்மா. ஒருத்தர்கூட எனக்காகப் பேசல." குழந்தையின் மூக்கைத் துடைத்துவிட்டாள்.

அன்றிரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அப்போதும் அவளை நம்பினேன் என்று சொல்ல மாட்டேன். சந்தேகப்படுவதும் கஷ்டமாக இருந்தது, அவ்வளவுதான்.

வியாழக்கிழமை மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபிறகு அவளை உள்ளே கூப்பிட்டேன். உண்மையைச் சொல்கிறேன், அவளை மடக்கத்தான் கூப்பிட்டேன். இத்தனை கார்டை வாங்கி வைத்து அரிசி விற்கிறவளுக்கு அந்தக் குடும்பங்களைப் பற்றி என்ன தெரியப்போகிறது? பையிலிருந்து ஒரு கார்டை உருவினேன். அவளுக்குக் காட்டாமல் குடும்பத் தலைவர் பெயரை மட்டும் படித்தேன்.

"மருதமுத்து."

"ஏழு பேரும்மா. அவரு, அவரு பொஞ்சாதி காமாட்சி, அம்மா, நாலு புள்ளைங்க. மூத்தவனுக்குக் கார்டுல பேரு வேற, கூப்புடுறது வேற. கார்டுல செல்வராசுன்னு இருக்கும்."

இருந்தது. அடுத்த கார்டு. அதற்கும் சொன்னாள். யாருக்கு எந்த ஊர், எந்தப் பிள்ளைக்குக் காது வலி, கஞ்சியில் உப்பு போட்டால் எவன் குடிக்க மாட்டான் என்பது வரைக்கும் வந்தது. இருபது கார்டு ஆனபோது நான் மடக்குவதை நிறுத்திவிட்டுக் கதை கேட்கிறவள் மாதிரி உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் சின்னப்பொண்ணு என்பவளின் கார்டு வந்தது.

அஞ்சலை குழந்தையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு, "அதுல நாலு புள்ளைங்கன்னு இருக்கும். மூணுதாம்மா இப்ப. கடைசிப் பொண்ணு போன மழையில வாந்திபேதில போயிடுச்சு" என்றாள்.

"பேரை ஏன் எடுக்கலை? அரிசிக்காகவா?"

"அரிசிக்குந்தாம்மா. பொய் சொல்லுவானேன். ஆனா அந்தப் புள்ள பேரை எழுதின காயிதம் ஊரு ஒலகத்துல அது ஒண்ணுதான் இருக்கு. சின்னப்பொண்ணு அதை அப்பப்ப எடுத்துப் பாத்துக்கும். யாராச்சும் வாசிச்சுக் காட்டுனா கேட்டுக்கும்."

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அவள் இதைச் சொல்லியிருக்க வேண்டியதே இல்லை. நாலு என்று சொல்லியிருந்தால் கார்டிலும் நாலு, நான் டிக் போட்டிருப்பேன். கூட்டத்தில் யாரும் எனக்குச் சொல்லித்தராத ஒன்றை அந்த மதியம் தெரிந்துகொண்டேன்: ஏமாற்ற வந்தவர் தன் பக்கத்துக்குக் கெடுதலான விவரத்தைக் கேட்காமலே எடுத்துக் கொடுக்க மாட்டார். இதற்குப் பிறகு முப்பது வருடம் விசாரணை செய்தேன். என்னிடம் இருந்த ஒரே அளவுகோல் இதுதான்.

எனக்கு அழுகை வந்தது. மேஜைக்கு அடியில் குனிந்து எதையோ தேடுவதுபோலப் பாவனை செய்தேன். குழந்தையும் என்னோடு சேர்ந்து குனிந்து தேடியது.

சாயங்காலம் ஆபீசரிடம் போய் நின்றேன். "சார், அவங்க நிஜமான ஆளுங்கதான். ஆனா பகல்ல வர முடியாது. காலையில அவங்க லாரி ஏறுற இடத்துக்கு நான் போய்ப் பார்க்கட்டுமா?"

அவர் பேனாவை மூடி வைத்தார். "ஆபீஸ் நேரம் பத்து மணி. அதுக்கு முன்னாடி நீங்க எங்க போறீங்கன்னு நான் கேக்க முடியாதும்மா."

"கார்டெல்லாம் பீரோவில இருக்கு சார்."

"பீரோ சாவி உங்ககிட்டதானே இருக்கு" என்றார். நான் வாசலைத் தாண்டும்போது பின்னாலிருந்து, "மழை வர்ற மாதிரி இருக்கு, பை நனையாம பாத்துக்குங்க" என்றார். அந்த மனுஷரைக் கல்நெஞ்சக்காரர் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கே ரயில்வே கேட் பக்கம் போய் நின்றேன். தூக்குவாளியும் சும்மாடுமாக ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். நான் யார் என்று தெரிந்ததும் பேச்சு நின்றுபோனது. ஒரு அம்மாள் மட்டும் முன்னால் வந்தாள். ஒடிசலான உடம்பு, கணீரென்ற குரல். அதுதான் பாக்கியம்.

"நீங்கதான் கார்டைத் தூக்கிட்டுப் போன அம்மாவா? அவ குடுத்தாளா, நீங்க புடுங்குனீங்களா? அதை மட்டும் சொல்லுங்க."

"நான்தான் எடுத்தேன். அவ மேல தப்பில்லை. என் மேலதான்" என்றேன். இதைச் சொல்ல எனக்கு நாலு நாள் ஆகியிருந்தது.

பாக்கியம் என்னை மேலும் கீழும் பார்த்தாள். அதற்குள் லாரி வந்துவிட்டது. முன்னால் உட்கார்ந்திருந்த மேஸ்திரியிடம் பத்து நிமிஷம் கேட்டேன். "பத்து நிமிசம் நிறுத்துனா அங்க எனக்கு யாருங்க பதில் சொல்றது? ஞாயித்துக்கிழமை வாங்க" என்றார். ஞாயிற்றுக்கிழமைக்குள் பட்டியல் திருச்சிக்குப் போயிருக்கும். ஆட்கள் மடமடவென்று ஏறிவிட்டார்கள். வண்டி உறுமுகிறது. நான் பையும் ரெஜிஸ்டரும் இங்க் பேடுமாகக் கீழே நிற்கிறேன்.

"என்ன பாக்குறீங்க? ஏறுங்க" என்று மேலிருந்து ஒரு கை நீண்டது. பாக்கியத்தின் கை. பிடித்த பிடியில் என் வளையல் இரண்டு உடைந்தது. எப்படி ஏறினேன் என்று இன்றைக்கும் தெரியாது. யாரோ பின்னாலிருந்து தள்ளினார்கள் என்பது மட்டும் தெரியும், அதைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டாம்.

ரெட்டிபாளையம் போகிற சாலை அப்போது சாலையே அல்ல. லாரி ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கி ஏற, நான் நடுவில் உட்கார்ந்து பெயர் படித்தேன். இரண்டு பெண்கள் என் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். "மருதமுத்து", "இந்தாங்க", "காமாட்சி", "இங்கருக்கேன்". ஒவ்வொருவராக நகர்ந்து வந்து விரலை நீட்டினார்கள். கைநாட்டு வாங்கினேன். கொஞ்ச நேரத்தில் ஒன்றைக் கவனித்தேன். மை விழுகிறது, ரேகை விழவில்லை. சுண்ணாம்புக்கல் பிடித்துப் பிடித்து விரல்கள் வழவழவென்று ஆகிவிட்டிருந்தன. ரெஜிஸ்டரில் கறுப்பு வட்டங்கள்தான் வரிசையாக நின்றன. பார்க்கிறவர்கள் எல்லாமே ஒரே ஆள் வைத்தது என்று சொல்லிவிடுவார்களே என்று பயந்து, ஒவ்வொரு வட்டத்துக்குப் பக்கத்திலும் அந்த ஆளின் ஏதாவது ஒரு அடையாளத்தை எழுதினேன். இடது புருவத்தில் தழும்பு. காதில் கம்மல் இல்லை. முன்பல் உடைந்தது. கையெழுத்து வண்டியோடு சேர்ந்து குதித்தது.

சின்னப்பொண்ணு கடைசியாக வந்தாள். அஞ்சலை சொல்லிவிட்டாள் என்பது அவளுக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியவில்லை. நான் கார்டைத் திறந்ததும், "மூணு புள்ளைங்கம்மா" என்று அவளே சொன்னாள். அரிசிக் கணக்கில் ஒரு ஆளைக் குறைத்தேன், அதைச் செய்துதான் ஆகவேண்டும். பெயரையும் அடிக்க வேண்டும் என்று விதி. பேனாவை எடுத்தேன். வைத்துவிட்டேன். எண்ணிக்கையை மட்டும் திருத்தி, ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டேன். பெயர் அப்படியே இருந்தது. அதைச் சரி என்று நான் உங்களுக்குச் சொல்லவில்லை. நான் செய்தேன் என்று மட்டும் சொல்கிறேன்.

கல் ஏற்றிய வேறொரு லாரியில் திரும்பி வந்து ஆபீசில் நுழையும்போது பத்து மணி பத்து நிமிஷம். உச்சி முதல் பாதம் வரை வெள்ளை. ஆபீசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "ஏம்மா, மாவு மில்லுக்கா போயிட்டு வரீங்க?" என்றார்.

ரெஜிஸ்டரோடு ஒரு விளக்கக் கடிதமும் வைத்தேன். ஆபீசர் படித்துவிட்டு ஒரு வரியில் விரலை வைத்தார். 'முறையில் நின்ற பெண் சொன்னதை விசாரிக்காமல் அட்டைகளைக் கைப்பற்றியது என் தவறு' என்ற வரி. "உங்களுக்குத் தகுதிகாண் பருவம் முடியலை. இந்த வரியை எடுத்துட்டு எழுதிக் கொண்டாங்க. கார்டு எப்படியும் கிடைச்சிடும், உங்களுக்கும் ஒண்ணும் வராது" என்றார். என் நல்லதுக்குத்தான் சொன்னார்.

நான் என் மேஜைக்குப் போய் வெள்ளைத்தாளை எடுத்து வைத்தேன். பெரம்பலூரில் அம்மா ஞாபகம் வந்தது. அந்த வரியை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கும் என்று படித்துப் பார்த்தேன். ஒரு பெண்ணிடம் மற்றவர்களின் முப்பத்தெட்டு கார்டு இருந்தது, கைப்பற்றினோம், பிறகு திருப்பிக் கொடுத்தோம். இவ்வளவுதான் இருக்கும். நாளைக்கு யார் கோப்பைப் புரட்டினாலும் தப்பு செய்தவள் அஞ்சலைதான். பழைய கடிதத்தையே கொண்டுபோய் வைத்தேன். "என் பேரை எடுத்தா தப்பு அவ பேர்ல போய் உக்காந்துடும் சார்." அவர் கையெழுத்துப் போட்டார். எனக்கு மெமோ வந்தது. தகுதிகாண் பருவத்தை நீட்டினார்கள். வீட்டில் அம்மாவிடம் ஒரு வருடம் வரை சொல்லவில்லை.

கோயில் தெரு வீடு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மறுபடியும் போனேன். இந்தத் தடவை மோர் வரவில்லை. திருச்சிப் பிள்ளைகளின் இரண்டு கார்டையும் சந்தேகம் என்று எழுதினேன். யாரோ யாருக்கோ போன் செய்தார்கள், இரண்டும் அப்படியே நீடித்தன. ஓடைக்கரைக்காரர்கள் ஓடுகிற லாரியில் நிரூபிக்க வேண்டியிருந்தது. ஊஞ்சல் வீட்டுக்காரர்கள் பொங்கலுக்கு வருவார்கள் என்று சொன்னால் போதுமாக இருந்தது. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறெரியும்.

ஞாயிற்றுக்கிழமை கார்டுகளை எடுத்துக்கொண்டு ஓடைக்கரைக்குப் போனேன். குழிக்கு விடுமுறை, எல்லோரும் இருந்தார்கள். அன்றைக்குத்தான் அந்த இடத்தை முதல் தடவையாகப் பார்த்ததுபோல இருந்தது. தலைக்கு எண்ணெய் வைக்கிறார்கள், சண்டை போடுகிறார்கள், ரேடியோ பாடுகிறது. அஞ்சலை மட்டும் தள்ளி வேப்பமரத்தடியில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். யாரும் அவளை விலக்கவில்லை. ஆனால் யாரும் பக்கத்திலும் இல்லை. நான் ரயில்வே கேட்டில் சொன்னது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும், ஒருத்தியை அப்படிக் கேட்டுவிட்ட பிறகு எப்படிப் போய்ப் பேசுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

கார்டை அவரவர் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு. பெயர் படித்தேன். மருதமுத்து வந்து வாங்கினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு வீட்டுக்குப் போகாமல் வேப்பமரத்தடிக்குப் போனார். கார்டை அஞ்சலையின் மடியில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தார். அடுத்த ஆளும் அதையே செய்தார். அதற்கடுத்த ஆளும். யாரும் யாரிடமும் சொல்லிவைத்துச் செய்யவில்லை. சின்னப்பொண்ணு தன் கார்டை ஒரு தடவை விரித்துப் பார்த்துவிட்டு, மடித்து, கொண்டுபோய் வைத்தாள். அஞ்சலை குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை. மடியில் கார்டு சேரச் சேர, குழந்தையை ஒரு பக்கமாக நகர்த்தி இடம் பண்ணிக்கொண்டாள்.

பாக்கியத்தின் கார்டு கடைசி. வாங்கியவள் அங்கேயே நின்றாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு மெதுவாகப் போய் அஞ்சலைக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அந்தக் கணீர்க் குரல் அன்றைக்கு எழும்பவில்லை.

"நாளைக்கு என் முறைடி. நான் நிக்கல, நீ நில்லு. மேஸ்திரிகிட்ட நான் பேசிக்கிறேன், மறுநாளு நீ லாரி ஏறுற" என்று சொல்லித் தன் கார்டை மற்றவற்றின் மேல் வைத்தாள்.

அஞ்சலை அப்போதுதான் நிமிர்ந்தாள். கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. கார்டுகளை ஒன்றொன்றாக எண்ணினாள். முப்பத்தேழு. தன்னுடையதைக் காணாமல் என்னைப் பார்த்தாள். அவள் பெயரைப் படிக்காமலே நான் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் அதையும் சேர்த்து அடுக்கி, நாரைச் சுற்றிக் கட்டி, முடிச்சை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள்.

"நாளைக்கு அரிசி வருமாம்மா?" என்று கேட்டாள்.